மாணவ நிருபரின் ஃபைலில் எதை வைப்பது?

வணக்கம் அம்மா. மகளின் ஃபைலை முழுக்கப் படித்தேன். "இவ்வளவு எழுதியிருக்கிறாளே, இதழியல் படிப்புக்கு இடம் கிடைக்கப் போதாதா?" என்று கேட்டிருந்தீர்கள். பாதிக்கு மேல் எடுத்துவிடலாம் என்பதுதான் என் யோசனை.

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானக் கண்காட்சி, கல்லூரி ஆண்டு விழா, அமைச்சர் வந்துபோன நிகழ்ச்சி எல்லாம் பெயரோடு நாளிதழில் வந்தவை. உங்களுக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் தேர்வுக்குழுவில் உட்காருபவர்கள் அனுபவப்பட்ட நிருபர்கள். கையில் கொடுத்த குறிப்பைப் பார்த்து எழுதியது எது, தெருவில் இறங்கி எழுதியது எது என்று இரண்டு பத்தியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவர்கள் தேடுவது அவளுடைய மீன்பிடித் தடைக்காலக் கட்டுரை மாதிரி ஒன்றை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பது ஊரறிந்த செய்தி. இவளோ முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவரிடம் போய், அந்த இரண்டு மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று கேட்டிருக்கிறாள். அவர் சொன்ன கூலிக் கணக்கை ஐஸ் கம்பெனியிலும், மீன் ஏலம் விடும் பெண் ஒருவரிடமும் சரிபார்த்திருக்கிறாள். அப்புறம் மீன்வளத் துறையிடம் விளக்கம் கேட்டு, அதையும் சேர்த்திருக்கிறாள். கல்லூரி இதழில்தானே வந்தது என்று கடைசியில் செருகியிருக்கிறாள். முதலில் வரவேண்டியதே இதுதான்!

அதில் ஒரு குறையும் உண்டு. தடைக்கால நிவாரணம் மாவட்டத்தில் எத்தனை குடும்பங்களுக்குப் போனது என்ற கணக்கு இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போட்டால் 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். அந்தப் பதிலை வைத்துத் தொடர்ச்சி எழுதட்டும். ஒரு விஷயத்தை விடாமல் பின்தொடர்கிறவள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மொத்தம் ஐந்தாறு படைப்பு போதும். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்: விஷயம் எப்படிக் கிடைத்தது, யார் யாரிடம் பேசினாள், ஆசிரியர் குழு எதை மாற்றியது. தோழியோடு சேர்ந்து செய்த வீடியோவில் தன் பங்கு எது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். குறிப்பு நோட்டையும் ஒலிப்பதிவையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று நேர்காணலில் நிச்சயம் கேட்பார்கள்.

விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போகிறாளே என்று பயந்து எழுதியிருந்தீர்கள். நியாயமான பயம்தான். துணைக்கு யாரையாவது கூட்டிப்போகச் சொல்லுங்கள். போகவே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.