ஆர்கெஸ்ட்ரா டெம்ப்ளேட்: 1,000 ட்ராக் தேவையா?

கேள்வி: குறும்படங்களுக்குப் பின்னணி இசை செய்கிறேன். கியூபேஸ் என்ற இசை மென்பொருள், 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். ஒவ்வொரு தடவையும் காலி ப்ராஜெக்ட் திறந்து, வயலினைத் தேடி, லோட் ஆகும்வரை காத்திருப்பதற்குள் மனதில் வந்த மெட்டு போய்விடுகிறது. பெரிய இசையமைப்பாளர்கள் 1,000 ட்ராக்கில் டெம்ப்ளேட் (வாத்தியங்களை முன்கூட்டியே அடுக்கிச் சேமித்த ப்ராஜெக்ட்) வைத்திருப்பதை வீடியோக்களில் பார்க்கிறேன். நானும் அப்படிச் செய்ய வேண்டுமா? (வாசகர், திருச்சி)

வேண்டாம். அந்த 1,000 ட்ராக் அவர்களுக்கு வருடக்கணக்காக வேலை செய்து சேர்ந்தது, பின்னால் உதவியாளர்களும் சாம்பிள்களை (பதிவுசெய்த வாத்திய ஒலிகளை) ஓட்டுவதற்கென்றே தனிக் கம்ப்யூட்டர்களும் இருக்கும். வாங்கிய சாம்பிள் லைப்ரரியையெல்லாம் முதல் நாளே டெம்ப்ளேட்டில் கொட்டினால், தேடும் வேலை அப்படியே இருக்கும், இடம்தான் மாறியிருக்கும். கடைசியாக முடித்த நான்கைந்து ப்ராஜெக்ட்டுகளைத் திறந்து, உண்மையில் எந்தெந்த வாத்தியத்தை, எந்த வாசிப்பு முறையில் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் நாற்பது ஐம்பதுக்குள் அடங்கிவிடும். உங்கள் டெம்ப்ளேட் அதுதான்.

அடுக்கும் வரிசைக்கு ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரில் உள்ள வரிசையே போதும்: மேலே புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன், அடுத்து ஹார்ன், ட்ரம்பெட், ட்ராம்போன், டியூபா, அப்புறம் டிம்பனி முதலான தாள வாத்தியங்கள், ஹார்ப், கடைசியில் முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ். நாளைக்கு ஒரு ஆர்கெஸ்ட்ரேட்டரோடு வேலை செய்ய நேர்ந்தாலும் இதே வரிசையில்தான் பேசுவார். குடும்பத்துக்கு ஒரு நிறம், குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டர். ட்ராக் பெயரில் லைப்ரரியின் பெயரைவிட வாத்தியமும் வாசிப்பு முறையும் முன்னால் வரட்டும், அவசரத்தில் கண் தேடுவது அதைத்தான்.

ரேம் விஷயத்துக்கு வருகிறேன். கியூபேஸில் ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து டிசேபிள் செய்து வைத்தால் அது ரேமைத் தின்னாது. அமைப்பு மட்டும் அப்படியே இருக்கும், தேவைப்படும்போது எனேபிள் செய்தால் லோட் ஆகும். ரீப்பர் மென்பொருளில் எஃப்எக்ஸை (ட்ராக்கில் ஏற்றிய ப்ளகின்களை) ஆஃப்லைனாக்குவது இதற்குச் சமம். ஆக, எப்போதும் தேவைப்படும் ஸ்ட்ரிங்ஸை மட்டும் திறந்துவைத்து, மற்றதையெல்லாம் தூங்கவிடலாம். சாம்பிள்கள் எஸ்எஸ்டியில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. சாம்பிள்களை ஒலிக்கவைக்கும் கான்டாக்ட் மென்பொருள் ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தையும் ரேமில் வைத்துக்கொண்டு மீதியை டிஸ்க்கிலிருந்து இழுக்கிறது. அந்தத் தொடக்க அளவு வழக்கமாக 60 கேபி. எஸ்எஸ்டியில் அதை 12க்குக் குறைத்தாலும் பொதுவாகத் தாங்கும், ரேம் கணிசமாக மிஞ்சும். குறைத்த பிறகு சத்தம் வெடித்தால் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றைப் பலரும் செய்வதே இல்லை. அதுதான் ஒலி அளவைச் சமன்செய்வது. சாம்பிள் லைப்ரரிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் வரும். மெல்ல ஊதிய புல்லாங்குழலும் முழு மூச்சில் ஊதிய ட்ராம்போனும் ஸ்பீக்கரில் ஒரே சத்தமாகக் கேட்கலாம். ஒரு சோதனை செய்து பாருங்கள்: நான்கு ஹார்ன்களில் நடுத்தர பலத்தில் ஒரு கார்டு, அதே நேரத்தில் ஒற்றைப் புல்லாங்குழலில் அதன் அடி ஆக்டேவில் ஒரு மெட்டு. உண்மையான மேடையில் அந்த மெட்டு காதில் விழுவதே கஷ்டம். உங்கள் டெம்ப்ளேட்டில் பளிச்சென்று கேட்கிறதா? அப்படியென்றால் அது உங்களுக்குப் பொய் சொல்கிறது, அதை நம்பி எழுதியதை நாளைக்கு ஆட்களை வைத்து வாசிக்கும்போது வராது. ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் எழுதிவைத்த கணக்கு இன்றும் கைகொடுக்கும்: பலமாக வாசிக்கும்போது ஒரு ட்ரம்பெட்டுக்கு இரண்டு ஹார்ன் சமம், ஒரு ஹார்னுக்கு இரண்டு கிளாரினெட்டோ இரண்டு ஓபோவோ சமம். எல்லா ட்ராக்கிலும் மாட் வீலை (வாசிப்பின் பலத்தை மாற்றும் சக்கரத்தை) ஒரே இடத்தில் வைத்து, இந்தக் கணக்குக்கு ஃபேடர்களை (ஒலி அளவுக் கட்டுப்பாடுகளை) ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து சரிசெய்து சேமித்துவிடுங்கள். அப்புறம் பான், அதாவது ஒலியை இடம் வலம் நகர்த்தும் விஷயம். பல லைப்ரரிகளை வாத்தியக்காரர்கள் மேடையில் உட்காரும் இடத்திலேயே உட்காரவைத்துப் பதிவு செய்திருப்பார்கள், அவற்றை நீங்கள் மறுபடி இடம் வலம் தள்ள வேண்டியதில்லை.

காசு செலவழிக்காமல் பழக வேண்டுமென்றால் ஸ்பிட்ஃபயரின் பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர் என்ற லைப்ரரி போதும். இலவசம், முழு ஆர்கெஸ்ட்ராவும் சுமார் 200 எம்பிக்குள்.

கேள்வி: ஒரே ட்ராக்கில் கீஸ்விட்ச் (வாசிப்பு முறையை மாற்றும் கட்டை) வைத்து லெகாட்டோ (இழைத்து வாசிப்பது), ஸ்டக்காட்டோ (வெட்டி வாசிப்பது), பிட்சிக்காட்டோ (விரலால் மீட்டுவது) மாற்றுவதா, ஒவ்வொன்றுக்கும் தனி ட்ராக்கா? (வாசகி, கோவை)

இரண்டு கட்சியிலும் நல்ல இசையமைப்பாளர்கள் இருக்கிறார்கள். கியூபேஸில் எக்ஸ்பிரஷன் மேப், லாஜிக் மென்பொருளில் ஆர்ட்டிகுலேஷன் செட் என்று வாசிப்பு முறையை மாற்றும் வசதி இருப்பதால் ஒரே ட்ராக் பார்க்கச் சுத்தமாக இருக்கும், நோட்டேஷன் எடுக்கவும் எளிது. ஆனாலும் நீளமான சுரங்களுக்கு ஒன்று, குட்டைச் சுரங்களுக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டாகவாவது பிரியுங்கள் என்பேன். காரணம் தாமதம். லெகாட்டோவில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நகரும் அசைவையும் சேர்த்துப் பதிவு செய்திருப்பதால், சுரம் தாமதமாகத்தான் வந்து சேரும். சினிமாட்டிக் ஸ்டுடியோ ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரியில் மெதுவான லெகாட்டோவுக்கு 333 மில்லிசெகண்ட், நடுத்தரத்துக்கு 250, வேகத்துக்கு 100. ஸ்டக்காட்டோவின் தாமதம் இதைவிட மிகக் குறைவு. தனித்தனி ட்ராக்காக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மைனஸில் ட்ராக் டிலே கொடுத்து அந்த அளவுக்கு முன்கூட்டியே ஒலிக்கவைத்துவிட்டு, சுரங்களைக் கட்டத்திலேயே நேராக வைக்கலாம். எல்லாம் ஒரே ட்ராக்கில் கிடந்தால் கையால் ஒவ்வொரு சுரமாக முன்னால் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும், அது கொடுமை.

கேள்வி: வயலின் செக்‌ஷனில் நம் ராகம் வாசித்தால் கமகம் செத்துப்போகிறது. டெம்ப்ளேட்டில் இதற்கு என்ன வழி? (வாசகர், யாழ்ப்பாணம்)

அந்த சாம்பிள்கள் நிலையான சுரங்களாகப் பதிவானவை. பிட்ச் பெண்டால் (சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் சக்கரத்தால்) இழுத்தால் கூடவே வைப்ரேட்டோவும் (சுர நடுக்கமும்) இழுபடும், பத்துப் பேர் ஒரே மாதிரி வழுக்குவது மாதிரி செயற்கையாகக் கேட்கும். செக்‌ஷனை ஹார்மனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெட்டுக்கு வைப்ரேட்டோவைக் குறைக்க முடிகிற ஒரு தனி வயலின் ட்ராக், அதில் பெண்ட் ரேஞ்சை இரண்டு செமிடோனுக்கு மேல் கூட்டி வையுங்கள். அதோடு ஒரு காலி ஆடியோ ட்ராக்கையும் மைக் இன்புட் கொடுத்துத் தயாராக வையுங்கள், தெரிந்த வயலின்காரர் ஒருவர் வந்து நான்கு வரி வாசித்தாலே பாட்டு வேறு நிலைக்குப் போய்விடும். அந்த ட்ராக்கும் மற்ற ஸ்ட்ரிங்ஸ் போகும் அதே பஸ்ஸுக்கும் (பல ட்ராக்குகள் ஒன்றுசேரும் பாதைக்கும்) அதே ரிவர்புக்கும் (அறை எதிரொலிக்கும்) போகட்டும், இல்லையென்றால் அவர் மட்டும் வேறு அறையில் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும்.