நாய்களோடுதான் வேலை என்கிற மகளுக்கு என்ன வழி? தண்டையார்பேட்டைத் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

உங்கள் மகள் பயாலஜி குரூப்பில் பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே மாநகராட்சிப் பள்ளி. "நாய்ங்களோட இருக்கிற வேலைக்குத்தான் போவேன்" என்று பிடிவாதமாக நிற்கிறாள். அவள் அப்பாவோ, "நாய் பிடிக்கிற வேலைக்கா ஹார்பர்ல மூட்டை தூக்கிப் படிக்க வச்சேன்?" என்று கோபப்படுகிறார். நடுவில் தூக்கம் கெட்டுக் கிடப்பது நீங்கள். அவளைக் கூப்பிட்டுப் பேசி மனதை மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள்.

அவள் மனதை மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாய்களோடு வேலை என்று அவள் சொல்வது ஒரே வேலை கிடையாது. மருத்துவம், காக்கிச் சட்டை, சொந்தத் தொழில் என்று தனித்தனி வழிகள் இருக்கின்றன. ஒன்றில் சேர்ந்துவிட்டு நடுவில் இன்னொன்றுக்குத் தாவுவது சிரமம். தனக்கு எது வேண்டும் என்று அவளே இன்னும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டாள். அதில் ஒரு கதவு மட்டும் இந்த ஒரு வருடத்தைப் பொறுத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கால்நடை மருத்துவம், அதாவது பி.வி.எஸ்சி. படிப்பு. இதற்கு உங்கள் வீட்டிலிருந்து தூரமே இல்லை. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் மாதவரம் பால்பண்ணைப் பக்கம். அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் தமிழ்நாடு முழுக்க ஏழு கால்நடை மருத்துவக் கல்லூரிகள். பல பெற்றோர் "நீட் எழுதணும்னு சொல்றாங்களே" என்று பயந்தே இந்தப் பக்கம் வருவதில்லை. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். உங்கள் மகள் ஆறாவதிலிருந்து மாநகராட்சிப் பள்ளியிலேயே படித்தவள். பிளஸ் டூவையும் அங்கேயே முடித்தால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு உரிமை உண்டு. மருத்துவப் படிப்புக்கு மட்டும்தான் அது என்று நினைப்பவர்கள் நிறைய. 2021-ல் வந்த சட்டப்படி கால்நடை மருத்துவத்துக்கும் அது பொருந்தும். கல்லூரியில் சேர்ந்த பிறகு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும்.

இடங்கள் குறைவு, போட்டி பலமானது. அதனால்தான் இந்த வருடம் முக்கியம். இப்போது அவள் நாய்க்காகச் செய்யக்கூடிய பெரிய காரியம், வேதியியலில் விட்டுப்போன பாடங்களை உட்கார்ந்து படிப்பதுதான். இதை நான் சொன்னதாகவே அவளிடம் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. பயிற்சிக் காலம் ஒரு வருடமும் சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு இது. அதில் நாய் ஒரு பகுதிதான். மாடு, எருமை, ஆடு, கோழி என்று நாள்கள் போகும். பசுவுக்குச் சினை பார்க்கத் தோள்வரை கையை உள்ளே விட வேண்டும். முடித்து டி.என்.பி.எஸ்.சி. மூலம் கால்நடை உதவி மருத்துவர் ஆனால், முதல் பணியிடம் எங்கோ ஒரு கிராமத்து மருந்தகமாக இருக்கலாம். அங்கே காலையில் வாசலில் நிற்பவை ஆடுமாடுகளாகத்தான் இருக்கும். நாய்களை மட்டுமே பார்க்கும் கிளினிக் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே போக இந்த வழியாகத்தான் போக வேண்டும்.

ஒரு நாள் காலையில் அவளை வேப்பேரி ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பார்வோ என்கிற தொற்றுநோய் வந்த நாய்க்குட்டி ரத்தமாகக் கழிந்துகொண்டு டிரிப்ஸ் ஏறக் கிடக்கும். அந்த நாற்றம் ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து ராத்திரி அவள் என்ன பேசுகிறாள் என்று கவனியுங்கள். குட்டி பாவம் என்று அழுதால் அது இரக்கம், நல்ல குணம்தான். "அந்த டாக்டர் எப்படிம்மா அவ்ளோ சின்னக் காலில் நரம்பு கண்டுபிடிச்சார்?" என்று கேட்டால், அவள் இந்தப் படிப்புக்குத் தயார்.

அடுத்தது காக்கிச் சட்டை. போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் சேர என்ன கோர்ஸ் என்று பிள்ளைகள் என்னிடம் ஓயாமல் கேட்கிறார்கள். வெளியே அப்படி ஒரு கோர்ஸ் இல்லை. முதலில் போலீஸ் ஆக வேண்டும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், 18 வயது ஆகியிருக்க வேண்டும். பெண்களுக்கு உயரம் 159 சென்டிமீட்டர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 157. வேலையில் சேர்ந்து, பயிற்சி முடித்து, பிறகு நாய்ப் பிரிவில் இடம் வரும்போதுதான் அந்தப் பக்கம் போக முடியும். மத்தியப் படைகளிலும் இதே முறைதான். ரயில்வே பாதுகாப்புப் படைக்குப் போத்தனூரிலும், எல்லைப் பாதுகாப்புப் படைக்குக் குவாலியர் பக்கம் டேகன்பூரிலும், சி.ஆர்.பி.எஃப்.-க்குப் பெங்களூரு அருகே தரலுவிலும் நாய்ப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே போகிறவர்கள் ஏற்கெனவே சீருடை போட்டவர்கள்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் பெட்டி படுக்கைகளை மோந்துகொண்டே போகும் லாப்ரடாரை அவள் பார்த்திருப்பாள். வெடிமருந்து கண்டுபிடிக்கும் நாய், வாசனை கிடைத்ததும் குரைக்காது, பிராண்டாது. அப்படியே அமைதியாக உட்கார்ந்துவிடும். காலால் தட்டினால் வெடித்துவிடலாம் என்பதால் அப்படிப் பழக்குகிறார்கள். பயிற்சியில் வரிசையாகப் பெட்டிகளை வைத்து ஒன்றில் மட்டும் அந்த வாசனையை ஒளித்து வைப்பார்கள். நாய் சரியான பெட்டி முன்னால் உட்கார்ந்த அந்தக் கணமே பந்து அதன் வாய்க்கு வர வேண்டும். இரண்டு மூன்று விநாடி தாமதித்தால், பந்து எதற்குக் கிடைத்தது என்று நாய்க்குக் குழப்பம் வந்துவிடும். இதையே நாள் முழுக்க, மாதக்கணக்கில், முகம் சுளிக்காமல் செய்கிறவர்தான் ஹேண்ட்லர், அதாவது நாயைக் கையாளும் காவலர். அந்தப் பொறுமை இவளிடம் இருக்கலாம். ஆனால் எத்தனை வருடம் காத்திருந்தும் நாய்ப் பிரிவு கிடைக்காமலே போகலாம், பந்தோபஸ்துக்கும் ஸ்டேஷன் டியூட்டிக்கும்தான் போக வேண்டியிருக்கும். அப்போதும் அந்த வேலையை மனதாரச் செய்வாளா என்று அவளையே கேளுங்கள். "நாய் இல்லாட்டி வேணாம்" என்றால் இந்த வழி வேண்டாம்.

சரி, சீட்டும் கிடைக்கவில்லை, காக்கியும் வேண்டாம் என்றால்? அப்போதுதான் சொந்தத் தொழில் வருகிறது. உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவது இதை நினைத்துத்தான். நான் நம்பிக்கையோடு பேசுவதும் இதைப் பற்றித்தான். கொளத்தூர், பெரம்பூர், மாதவரம் பக்கமெல்லாம் அபார்ட்மென்ட் வந்துவிட்டது, வீட்டுக்கு வீடு நாய் வந்துவிட்டது. ஆனால் எந்த நாயை எந்த வீட்டில் வைப்பது என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. பனிப்பிரதேசத்தில் வண்டி இழுக்கிற ஹஸ்கியை மே மாதச் சென்னையில் இரண்டாவது மாடியில் அடைத்து வைக்கிறார்கள். மூக்கு சப்பையான பக் நாயை மத்தியான வெயிலில் நடக்கவிடுகிறார்கள். சப்பை மூக்கால் மூச்சு இரைத்து உடம்புச் சூட்டைத் தணிக்க அதற்கு முடியாது, சுருண்டு விழுந்துவிடும்.

நம்ம ஊர் நாய்களுக்கும் இதே கதிதான். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல்தலையே வெளியிட்டார்கள். அந்தப் பெருமையில் வாங்கி வந்து, மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டி வைத்து, "கடிக்குது சார்" என்று பயிற்சியாளரைக் கூப்பிடுகிறார்கள். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயலையும் பன்றியையும் துரத்தி ஓடிய வேட்டை நாய்கள். ஓட விடாமல் கட்டிப்போட்டால் அந்த வேகமெல்லாம் கோபமாகத்தான் மாறும். காவலுக்கு நிற்கும் கோம்பை நாய், வீட்டு ஆளையும் விருந்தாளியையும் பிரித்துப் பார்க்கக் குட்டியிலேயே பழக வேண்டும். மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரைக்குள் பார்க்கிற மனிதர்களையும் கேட்கிற சத்தங்களையும்தான் நாய் இயல்பானவை என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தை ஒரு கூண்டுக்குள் கழித்த குட்டியைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு பயிற்சியாளராகப் போனால், நாயைவிட வீட்டு ஆட்களைப் பழக்குவதில்தான் பாதி நேரம் போகும். அப்பா "சிட்" என்பார், பாட்டி "உக்காரு" என்பார், பையன் பிஸ்கட்டைத் தூக்கிக் காட்டிக் குதிக்க வைப்பான். நாய் யார் பேச்சைக் கேட்கும்? எல்லாரையும் உட்கார வைத்து, ஒரே சொல், ஒரே கைசாடை என்று சம்மதிக்க வைக்கிற சாமர்த்தியம் வேண்டும். அதற்குப் பேசத் தெரிய வேண்டும். உங்கள் மகள் வாயாடி என்று எழுதியிருந்தீர்களே, அது இங்கே முதலீடு.

முடிவெட்டிக் குளிப்பாட்டும் குரூமிங் வேலையும் இதோடு சேர்ந்தது. ஒரு மேசை, கிளிப்பர், டிரையர், கையில் தொழில் இருந்தால் வீடுகளுக்கே போய்ச் செய்யலாம். பகலில் பெண்கள் மட்டும் இருக்கிற வீடுகளில் ஒரு பெண் வந்தால் தயங்காமல் கதவைத் திறப்பார்கள். ஆனால் இது குளிப்பாட்டுவதோடு முடியாது. நகம் வெட்டும்போது உள்ளே ஓடும் ரத்தநாளத்தைத் தொடாமல் வெட்ட வேண்டும். விரல் இடுக்கிலும் காது மடலுக்குள்ளும் ஒட்டியிருக்கும் உண்ணியைப் பார்த்து எடுக்க வேண்டும். உண்ணி பரப்பும் ரத்தக் காய்ச்சல் நம் ஊரில் நாயைக் கொல்லும். மழைக்காலத்தில் வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரித் தண்ணீர் தேங்கும் இடங்களில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல் வரும். அது நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும்.

தொழில் கற்க யாரிடமாவது சேர்த்துவிடுவதாக இருந்தால், முதலில் ஒரு நாள் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். கம்பும் கையுமாக நிற்கிறவரிடம் விடாதீர்கள். அடி வாங்கிய நாய் அந்த ஆள் எதிரே அடங்கி நிற்கும், அவர் போனதும் வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். தொழிலோடு ஒரு டிகிரியும் இருக்கட்டும். பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது, படித்துக்கொண்டே வார இறுதியில் தொழில் கற்கலாம்.

உங்கள் தம்பி சொன்ன யோசனை, ஒரு ஜோடி வாங்கிவிட்டுக் குட்டி போட்டு விற்பது, அது மட்டும் வேண்டாம் அம்மா. 2017-ல் வந்த விதிகளின்படி நாய் இனப்பெருக்கம் செய்து விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. குடியிருப்பு வாரிய வீட்டின் ஓர் அறையில் இதை நேர்மையாகச் செய்ய இடமில்லை. ஒரு குட்டிக்குப் பார்வோ வந்தால் மொத்த ஈற்றும் போய்விடும், போட்ட பணத்தோடு.

அவள் அப்பாவிடமும் ஒன்று சொல்லுங்கள். நாய் பிடிப்பவர்களை அவர் மட்டமாகப் பேச வேண்டாம். புளியந்தோப்பில் மாநகராட்சியின் இனக்கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விடுகிறார்கள். உங்கள் தெருப் பிள்ளைகளை வெறிநாய்க் கடியிலிருந்து காக்கிற வேலை அது. அங்கே வலையோடு நிற்கிறவருக்கும் மேசையில் அறுவை செய்கிற டாக்டருக்கும் என் மனதில் ஒரே மரியாதைதான்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. அவள் ஏற்கெனவே தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறாள், புண்ணுக்கு மருந்து போடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் மறுபடி ஒரு நாயைத் தொடுவதற்கு முன்னால், பக்கத்து அரசு மருத்துவமனையில் வெறிநோய்க்கான முன்தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். கடி வாங்கும் முன்பே போட்டுக்கொள்கிற ஊசி அது, நாய்களோடு புழங்குகிற எல்லாருக்கும் வேண்டும். அதைப் போட்டிருந்தாலும், கடியோ நகக்கீறலோ பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். பிறகு ஒரு சனிக்கிழமை பிளஸ் ஒன் மதிப்பெண் பட்டியலோடு அவளை அழைத்து வாருங்கள். அப்பாவும் கூட வந்தால் நல்லது.