பேட்மேன் காமிக்ஸே படிக்காதவர் நேராக 'கோதம் சிட்டி சைரன்ஸ்' படித்தால் புரியுமா?

எனக்கு முதல் இதழில் பாதி புரியவில்லை. ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை.

காமிக்ஸ் என்றால் எனக்குச் சின்ன வயதில் படித்த இரும்புக்கை மாயாவியோடு சரி. பேட்மேன் சினிமா வழியாகத்தான் பழக்கம். இந்த 'சைரன்ஸ்' 2009-ல் டிசி காமிக்ஸ் நிறுவனம் ஆரம்பித்து 2011-ல் 26 இதழ்களோடு முடித்துக்கொண்ட தொடர். பேட்மேன் கதைகளின் வில்லிகளான கேட்வுமன், பாய்சன் ஐவி, ஹார்லி குவின் மூவரும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிறார்கள், அதுதான் கதை.

கேட்வுமனான செலினா ஆரம்பத்திலேயே சண்டையில் தடுமாறுகிறாள். ஏன் என்று விழித்தேன். ஹஷ் என்ற வில்லன் அவளுடைய இதயத்தையே அறுத்து எடுத்திருக்கிறான்; அப்புறம் திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள். அது வேறு புத்தகத்தில் நடந்த கதையாம்! பேட்மேனான புரூஸ் வெய்ன் செத்துவிட்டதாக அவனுக்கு நெருங்கியவர்கள் நம்பும் காலம் வேறு. இப்போது பேட்மேன் முகமூடிக்குள் இருப்பது அவனுடைய பழைய உதவியாளன் ராபினான டிக் கிரேசன். இந்த இரண்டும் தெரிந்தால் சமாளித்துவிடலாம்.

என்னை இழுத்தது அந்த வீடுதான். ஐவி குடியிருப்பது ரிட்லர் என்ற இன்னொரு வில்லனின் வீட்டில். வீட்டுக்காரனைத் தன் செடி மருந்தால் மயக்கத்திலேயே வைத்திருக்கிறாள். வாடகைத் தொல்லை இல்லை பாருங்கள். சண்டையில் செலினாவைக் காப்பாற்றி அங்கே கூட்டி வருபவளும் அவள்தான். நல்ல தோழி என்று நினைக்கும்போதே, ஐவியும் ஹார்லியும் சேர்ந்து செலினாவை மடக்கி, பேட்மேனின் நிஜப் பெயரைச் சொல்லச் சொல்கிறார்கள். அவளோ உண்மையைச் சொல்லாமல் பொய் சொல்லித் தப்பிக்கிறாள். அதற்குப் பிறகும் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ்தான்! திருந்திய வில்லிகளின் கதை என்று நினைத்துத்தான் வாங்கினேன். இவர்கள் திருந்தவே இல்லை, அதுதான் ருசி.

ஹார்லியின் பேச்சு தனியாகத் தெரிகிறது. 1992-ல் பேட்மேன் கார்ட்டூன் தொடருக்காக அவளை உருவாக்கிய இருவரில் ஒருவரான பால் டினிதான் இந்தத் தொடரையும் எழுத ஆரம்பித்தவர். பெற்றவர் கை, சும்மாவா? பின்பாதியை வேறு எழுத்தாளர்கள் எழுதினார்கள். அங்கே கொஞ்சம் தொய்வு.

ஓவியம்தான் எனக்கு உறுத்தல். கியெம் மார்ச் முகபாவங்களை அருமையாகப் போடுகிறார். ஆனால் ஒருத்தி சும்மா நின்று பேசும் கட்டத்தில்கூட இடுப்பை அப்படி ஏன் ஒடிக்க வேண்டும்? பஸ்ஸில் வைத்துப் படித்தபோது பக்கத்து சீட்டுக்காரர் பார்த்த பார்வையில் புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

கடைசிப் பகுதியில் ஒரு இடம் வருகிறது (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்). தன்னை ஆட்டிவைத்த பழைய காதலன் ஜோக்கரைக் கொன்றே தீருவேன் என்று ஹார்லி ஆர்க்கம் மனநல விடுதிக்குள் புகுகிறாள். அத்தனை காவலையும் தாண்டிப் போய் அவன் முன்னால் நிற்கிறாள். நின்றவள், அவனையே வெளியே விட்டுவிடுகிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அடப்பாவி என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் முதல் இதழை எடுத்து, அவள் பேசுவதை மட்டும் மறுபடி படித்துப் பார்த்தேன்.