லேத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள்

அண்ணாச்சி, அன்று மார்த்தாண்டத்தில் பஸ் வந்துவிட்டதால், உங்கள் வீட்டுத் தம்பியை இன்ஜினியரிங்கில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்ற பேச்சு பாதியில் நின்றது. மீதியை இதில் சொல்லிவிடுகிறேன்.

தம்பி மெக்கானிக்கல் என்கிறான், நீங்கள் கம்ப்யூட்டர் என்கிறீர்கள். நான் அவன் கட்சி. ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் இறுகிப்போனபோது, ஆள் வருவதற்குள் அவனே கழற்றி பேரிங் மாற்றினான் என்று சொன்னது நீங்கள்தானே?

ஆனால் கல்லூரி நோட்டீஸில் ‘செய்து கற்கலாம்’ என்று அச்சடித்திருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல் போங்கள். ஆபீஸில் உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். குடித்துவிட்டு, ஒர்க்‌ஷாப்பைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷினான லேத்துக்கு அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா? பெயின்ட் மின்ன, மேலே தூசு படிந்து நின்றால் அது போட்டோவுக்கு நிற்கும் மெஷின். ஒரு பேட்சில் எத்தனை பேர், ஓடுகிற லேத் எத்தனை என்றும் கேளுங்கள். முப்பது பேருக்கு இரண்டு என்றால் நாலு பையன்கள் ஓட்டுவார்கள், மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டில் படம் வரைவார்கள்.

அப்புறம் கேன்டீனில் மூன்றாம் வருடப் பையன் ஒருவனைப் பிடித்து, “நீ செய்த சாமான் ஒன்றைக் காட்டு மக்களே” என்று கேளுங்கள். செய்தவன் எங்கே சொதப்பியது என்பதில்தான் ஆரம்பிப்பான். ப்ராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்கியவன் முழிப்பான். ஒரே சோலார் புல்வெட்டியை, பெயின்ட் மட்டும் மாற்றி, இரண்டு கல்லூரிக் கண்காட்சிகளில் பார்த்தவன் நான்.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதல் வருடமே வயரிங், வெல்டிங், சால்டரிங் எல்லாம் சேர்ந்த லேப் உண்டு. கம்ப்யூட்டர் எடுத்தவனும் தப்ப முடியாது. நம்ம நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அதன் உறுப்புக் கல்லூரியையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

வேலை எங்கே என்று கேட்டீர்கள். ஆரல்வாய்மொழி பக்கம் முப்பந்தல் காற்றாலைகள். மாவட்டம் தாண்டினால் கூடங்குளம் அணுமின் நிலையம், ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி. பட்டம் வாங்கியதும் கூப்பிட்டு வேலை தரமாட்டார்கள்தான். ஆனால் காற்றாலை சர்வீஸுக்குக் கோபுரம் ஏறி கியர்பாக்ஸைத் திறக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதனால் மாணவர்களை எங்கே, எத்தனை வாரம் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள் என்று கல்லூரியில் கேளுங்கள். கேட்டில் குரூப் போட்டோ எடுத்துத் திரும்புவது பயிற்சியில் சேராது.

பணத்தைப் பற்றி ஒன்று. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அரசுக் கலந்தாய்வில் வராது, தனியாகத்தான் சேர வேண்டும். உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி இவன்தான் என்றால், முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். சான்றிதழை இப்போதே தாலுகா ஆபீஸ் வழியாக வாங்கி வையுங்கள். கலந்தாய்வு முடியும்வரை ஒரிஜினல் மார்க் ஷீட்டை எந்தக் கல்லூரியிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள், திரும்ப வாங்க நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.