பிசிறு தட்டிய ஸ்வரம்

வணக்கம் சார்,

நியூஜெர்சியில் பதினைந்து வருடமாக இருக்கிறோம். 2020 மே மாதம், எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில், போரில் இறந்தவர்களை நினைக்கும் மெமோரியல் டே அன்று மதியம் 3 மணிக்கு அவரவர் வீட்டு வாசலில் நின்று ராணுவ இறுதி மரியாதையில் ஊதும் ‘டாப்ஸ்’ மெட்டை வாசிக்கலாம் என்று டிவியில் சொன்னார்கள். என் பையன் அப்போது ஆறாவது, பள்ளி பேண்டில் டிரம்பெட் எடுத்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு வாரம் பழகி, வாசலில் நின்று வாசித்தான். உச்சத்துக்குப் போகிற இடத்தில் பிசிறு தட்டிவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர், வெளியே வந்து சல்யூட் அடித்து நின்றுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார். அவருக்குக் கோபம் என்று பையன் முடிவு கட்டிவிட்டான். அப்புறம் எந்த வருடமும் வாசிக்கவில்லை. இப்போது பள்ளியில் கடைசி வருடம், நன்றாகவே வாசிக்கிறான். இந்த முறையாவது வாசிடா என்றால், “தப்பா வாசிச்சா செத்தவங்களுக்கு அவமரியாதைப்பா, வேணும்னா ஸ்பீக்கர்ல போடலாம்” என்கிறான். என் மனைவியோ, அந்தப் போர்களில் செத்தது நம் ஆட்களா, நமக்கெதற்கு இது என்கிறாள். இறந்துபோன மகனின் சட்டைப்பையில் அப்பா கண்டெடுத்த மெட்டு என்று வாட்ஸப்பில் வந்த கதையைச் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. நீங்கள் என்சிசியில் பியூகிள் (ராணுவ ஊதுகொம்பு) ஊதியதாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். என்ன சொல்வது அவனிடம்?

ஒரு அப்பா

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தச் சட்டைப்பைக் கதையை விட்டுவிடுங்கள். அது பொய். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் கேப்டன் ஒருவர் இருட்டில் ஒரு வீரனை இழுத்து வருகிறார், விளக்கைப் பிடித்துப் பார்த்தால் எதிரிப்படையில் சேர்ந்திருந்த சொந்த மகன், அவன் பையில் இந்த மெட்டு என்று போகும் அந்தக் கதை. கேட்டால் தொண்டை அடைக்கும், ஆனால் அப்படி ஒரு கேப்டன் இருந்ததற்கே பதிவு கிடையாது. பதினேழு வயதுப் பையன் இதைக் கூகிளில் தேடி அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பான், அதனால்தான் அசையவில்லை என்பது என் ஊகம்.

நடந்தது இன்னும் சாதாரணமானது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. 1862 ஜூலை, வர்ஜீனியாவில் ஜேம்ஸ் நதிக்கரையில் ஹாரிசன்ஸ் லேண்டிங் என்ற இடம். ஏழு நாள் தொடர்ந்து சண்டை போட்டுக் களைத்துப்போன படை அங்கே முகாமிட்டிருக்கிறது. டேனியல் பட்டர்ஃபீல்ட் என்ற ஜெனரலுக்கு, இரவு விளக்கணைக்கச் சொல்லி ஊதும் வழக்கமான மெட்டு பிடிக்கவில்லை. தன் படைப்பிரிவின் பியூகிளர் ஆலிவர் நார்ட்டனைக் கூப்பிட்டு, ஒரு கடித உறையின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருந்ததை ஊதிக்காட்டச் சொல்கிறார். இதை நீட்டு, அதைக் குறை என்று மாற்றுகிறார். அவர் சுத்தமாகப் புதிதாக எதையும் இயற்றவில்லை, ஏற்கெனவே இருந்த பழைய அழைப்பு ஒன்றைத்தான் திருத்தினார் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். எப்படியோ, அன்று இரவு நார்ட்டன் ஊதியதைக் கேட்டுவிட்டு மறுநாள் பக்கத்துப் படைப்பிரிவுகளின் பியூகிளர்கள் வந்து எழுதி வாங்கிப் போனார்கள். கொஞ்ச நாளில் எதிரிப்படையும் அதையே ஊத ஆரம்பித்துவிட்டது.

ஆக, அது தூங்கப் போகச் சொல்லும் மெட்டு. சாவுக்கு வந்தது அதே வருடம்தான், அதே போர்முனையில். டிட்பால் என்ற பீரங்கிப் படை அதிகாரி தன் வீரன் ஒருவனைப் புதைக்க வேண்டும், வழக்கப்படி மூன்று முறை துப்பாக்கி வேட்டு போட வேண்டும், ஆனால் எதிரி பக்கத்திலேயே இருக்கிறான், வேட்டுச் சத்தம் கேட்டால் சண்டை தொடங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வான். சரி, வேட்டுக்குப் பதிலாக இதை ஊதுங்கள் என்றார். வேறு வழியில்லாமல் செய்த ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். பிறகுதான் அது சடங்கானது.

இனி உங்கள் பையனின் பயத்துக்கு வருகிறேன். டாப்ஸில் மொத்தம் 24 ஸ்வரங்கள், ஆனால் சுருதி இடங்கள் நான்கே நான்குதான். பியூகிளில் வால்வு கிடையாது, டிரம்பெட்டில் வாசித்தாலும் வால்வைத் தொட வேண்டியதில்லை. எல்லாம் உதடும் மூச்சும்தான். உதட்டை ஒரு மயிரிழை கூடுதலாக இறுக்கினால் அடுத்த ஸ்வரத்துக்குத் தாவிவிடும், ஒரு மயிரிழை தளர்ந்தால் கீழே விழும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் வருவதுதான் பிசிறு. வேகமான பாட்டில் அது கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும். இதில் தனி ஆள், மெதுவான நடை, சுற்றிலும் அமைதி, ஒளிய இடமே கிடையாது. உங்கள் பையன் தடுமாறியது 18-ஆவது ஸ்வரமாக இருக்கும், உச்சி அதுதான், அதற்குள் மூச்சும் தீர்ந்திருக்கும். எட்டு மாதம் பழகிய பதினொரு வயதுப் பிள்ளை அங்கே தடுமாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். 1963 நவம்பர் 25, ஆர்லிங்டன் ராணுவக் கல்லறை, கென்னடியின் இறுதிச் சடங்கு. ஊதியவர் சார்ஜென்ட் கீத் கிளார்க், அமெரிக்க ராணுவ பேண்டின் தலைசிறந்த டிரம்பெட் கலைஞர்களில் ஒருவர். குளிரில் வெகுநேரம் காத்து நின்றிருந்தார், காதுக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி வேட்டு வேறு. உலகமே டிவியில் பார்த்துக்கொண்டிருக்க, ஆறாவது ஸ்வரம் உடைந்தது. மறுநாளிலிருந்து ஜனங்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அது வேண்டுமென்றே செய்தது, நாடே விம்மியதை அவர் ஊதிக்காட்டினார் என்றார்கள். அதெல்லாம் இல்லை, அவர் தவறவிட்டார், அவருக்கு அது உறுத்தலாகவே இருந்தது. ஆனால் அறுபது வருடம் கழித்தும் அந்தப் பதிவை நான் கேட்கும்போது பிசிறுக்கு முந்தின ஐந்து ஸ்வரங்கள் என் காதில் சரியாக ஏறுவதில்லை, அந்த ஆறாவது வந்த பிறகுதான் அங்கே ஒரு மனுஷன் நிற்கிறான் என்று தெரிகிறது.

ஸ்பீக்கர் விஷயம். இதில் நான் ஒரு காலத்தில் ரொம்பக் கறாராக இருந்தேன், இப்போது கொஞ்சம் இளகிவிட்டேன். தகுதியுள்ள ஒவ்வொரு முன்னாள் ராணுவத்தினருக்கும், குடும்பம் கேட்டால், இறுதி மரியாதை செய்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது, 2000-இலிருந்து நடைமுறையில் உள்ளது. கொடியை மடித்துக் கொடுக்க வேண்டும், டாப்ஸ் ஒலிக்க வேண்டும். ஆனால் ஊத ஆள் இல்லை. இரண்டாம் உலகப் போர்த் தலைமுறை வேகமாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அதனால் சட்டமே பதிவு செய்த இசையை அனுமதித்தது. 2003-இல் ஒரு டிஜிட்டல் பியூகிள் வந்தது. பியூகிளின் வாய்க்குள் ஒரு சின்னக் கருவியைச் செருகி வைத்திருப்பார்கள், பட்டனை அமுக்கிவிட்டு வீரர் உதட்டில் வைத்து ஊதுவதுபோல் நிற்பார். சுருதி சுத்தமாக இருக்கும், பிசிறே வராது. டேப் ரெக்கார்டரைக் கல்லறைப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டதற்கு இது எவ்வளவோ மேல் என்று குடும்பங்கள் நினைத்திருக்கலாம், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பதிவு ஒலிப்பது பரவாயில்லை, ஊதுவதுபோல் நடிப்பதுதான் எனக்கு ஒட்டவில்லை. கல்லறையில் பதிவு செய்த இசை ஒலிப்பதே பிடிக்காமல்தான், டிஜிட்டல் பியூகிள் வருவதற்கு முன்பே, டாம் டே என்ற முன்னாள் மரைன் வீரர் 2000-இல் ‘பியூகிள்ஸ் அக்ராஸ் அமெரிக்கா’ என்று ஒரு தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். உங்கள் பையனைப் போன்ற பள்ளி மாணவர்களும் ஓய்வு பெற்றவர்களுமாகப் போய் ஊதிவிட்டு வருகிறார்கள்.

நீங்கள் சொல்லும் 2020 நிகழ்ச்சியும் அந்த மாதிரிதான். சிபிஎஸ் தொலைக்காட்சியின் ஸ்டீவ் ஹார்ட்மனும், விமானப்படை பேண்டில் ஊதி ஓய்வு பெற்ற ஜாரி வில்லனுவேவாவும் சேர்ந்து அழைத்தார்கள். அந்த 3 மணியும் சும்மா வைத்த நேரமில்லை, தேசிய நினைவு நிமிடம் என்று 2000-ஆம் ஆண்டிலேயே சட்டத்தில் குறித்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, போரில் இறந்த தங்கள் வீரர்களை நினைக்கும் ஏப்ரல் 25 ஆன்சாக் தினத்தன்று, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விடியற்காலையில் ஜனங்கள் மெழுகுவர்த்தியோடு வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள், டிரம்பெட்டோ கார்னெட்டோ வைத்திருந்தவர்கள் டாப்ஸைப் போலவே இறந்தவர்களுக்காக ஊதும் பிரிட்டிஷ் மெட்டான ‘லாஸ்ட் போஸ்ட்’ வாசித்தார்கள். அந்தக் காணொளிகளில் பிசிறு இல்லாதவற்றை எண்ணிவிடலாம்.

பெல்ஜியத்தில் யீப்பர் என்று ஒரு ஊர். அங்கே முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான மெனின் கேட் நினைவு வாயிலின்கீழ் தினமும் இரவு 8 மணிக்கு லாஸ்ட் போஸ்ட் ஊதுகிறார்கள், 1928-இல் தொடங்கியது. ஊதுவது ராணுவம் இல்லை, உள்ளூர்த் தீயணைப்புப் படையிலிருந்து வந்த தன்னார்வலர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்திருந்த காலத்தில் நின்றது, 1944 செப்டம்பர் 6-ஆம் தேதி ஊர் விடுபட்ட அன்று மாலையே மறுபடி ஊதினார்கள், ஊரின் இன்னொரு பக்கம் அப்போதும் சண்டை நடந்துகொண்டிருந்தது. கொரோனாவின்போது கூட்டமில்லாமல் ஒற்றை ஆள் ஊதினார். உங்கள் மனைவியிடம் இதையும் சொல்லுங்கள்: உடல் கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அந்த வாயிலில் இருக்கின்றன, இந்தியப் படையினரின் பெயர்களும் உண்டு. அவர்களுக்காகவும் ஊதும் தீயணைப்புக்காரர், இவன் நம் ஆளா என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டா ஊதுகிறார்?

உங்கள் மனைவியின் கேள்வி தப்பில்லை. ஆனால் பையன் வளர்ந்த தெரு அது, அந்தப் பெரியவர் அவனுடைய எதிர்வீட்டுக்காரர். நம் ஊரில் எதிர்வீட்டில் சாவு என்றால் உறவா என்று கேட்டுக்கொண்டா போய் நிற்கிறோம்? சங்கு நினைவுக்கு வருகிறது. சங்கு, கொம்பு, தாரை, பியூகிள் எல்லாம் ஒரே இனம்தான், உதட்டை அதிரவிட்டு ஊதுவது. சாவு வீட்டில் சங்கு ஊதுகிறவருக்கு மூச்சு இழுத்து ஓசை கம்மிப்போனதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவமரியாதை என்று யாரும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி இரண்டாம் வருடம், என்சிசி முகாம், மாலை கொடி இறக்கும்போது நான்தான் பியூகிள். காலையிலிருந்து வெயிலில் அணிவகுப்பு, உதடு வெடித்திருந்தது. பாதியில் காற்றுதான் வந்தது, ஓசை வரவில்லை. நானூறு பேர் அட்டென்ஷனில் நிற்கிறார்கள். நான் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கப் பார்த்தேன். பின்னால் நின்ற ஹவில்தார் பல்லைக் கடித்துக்கொண்டு, “நிறுத்தாத, அடுத்ததைப் பிடிடா” என்றார். பிடித்தேன். அன்று இரவு அவர் திட்டியது, வாசிப்பு கெட்டதற்கில்லை, நிறுத்தியதற்கு.

எதிர்வீட்டுப் பெரியவர் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. மெமோரியல் டே உயிரோடு இருக்கும் ராணுவத்தினருக்கான நாள் இல்லை, அதற்கு நவம்பர் 11 இருக்கிறது. இது திரும்பி வராதவர்களின் நாள். வியட்நாமிலிருந்து திரும்பி வந்த ஒருவர் அன்று சல்யூட் அடித்தது உங்கள் பையனுக்கு இல்லை, வேறு யாருக்கோ. அந்த நேரத்தில் நின்று பேச முடியாமல்தான் உள்ளே போயிருப்பார்.

பையனிடம் சொல்லுங்கள், இரண்டரை மணிக்கே வீட்டுக்குள் உதட்டைப் பதப்படுத்திக்கொள்ளட்டும், பலமாக வேண்டாம், தாழ்ந்த ஸ்வரங்களில் நீளமாக. ஆரம்பத்தை மெதுவாக எடுக்கட்டும். உச்சிக்கு முன்னால் வெட்கப்படாமல் முழு மூச்சு எடுக்கட்டும், யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை, மொத்தமே ஒரு நிமிடம்தான். பிசிறு வந்தால் நிறுத்தக் கூடாது. முந்தின நாள் சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போய், நாளைக்கு வாசிக்கப் போகிறேன் என்று அவனே சொல்லிவிட்டு வரட்டும், நீங்கள் கூடப் போக வேண்டாம்.