பதில்: ‘கவி + இந்த்ர’ ஏன் ‘கவ்யிந்த்ர’ ஆவதில்லை?

சம்ஸ்கிருத இலக்கண அறிமுக நூலான லகு சித்தாந்த கௌமுதியில், பின்னால் உயிர் வந்தால் இ, உ முதலியவை ய், வ் முதலியவையாக மாறும் (இந்த மாற்றம் ‘யண்’) என்னும் பாணினியின் சூத்திரம் ‘இகோ யணசி’யை (6.1.77) படித்துவிட்டு, ‘ததி + அத்ர = தத்யத்ர’ புரிகிறது, ‘கவி + இந்த்ர’ மட்டும் எப்படி ‘கவீந்த்ர’ ஆயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள்.

அங்கே யண் வராமல் தடுப்பது, இன உயிர்கள் சேர்ந்தால் நெடிலாகும் என்னும் ‘அக: ஸவர்ணே தீர்க:’ (6.1.101). பின்னால் வரும் சூத்திரம் என்பதால் அது வெல்லவில்லை. அகரத்துக்குக் குணம் (பின்வரும் உயிரோடு சேர்ந்து ஏ, ஓ முதலியவையாவது, 6.1.87), இகர உகரங்களுக்கு யண் என்று முன்பே விதித்தாயிற்று, இதற்கென்று தனி இடம் மிச்சமில்லை. அப்படி இடமற்று நிற்கும் விதிதான் அபவாதம், அதாவது விதிவிலக்கு. பொதுவிதியைத் தள்ளாவிட்டால் அது வீணாகிவிடும்.

சூத்திரத்தில் மூன்றே சொல் இருப்பதுதான் உங்களைக் குழப்புகிறது. 6.1.77இலிருந்து ‘அசி’யையும் (உயிர் வரும்போது) 6.1.84இலிருந்து ‘ஏக: பூர்வபரயோ:’வையும் (முன்னது பின்னது இரண்டுக்கும் ஒன்றே) இழுத்து வந்து படியுங்கள்: பின்னால் இன உயிர் வந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே நெடில். ‘அசி’யை விட்டால் ‘குமாரீ சேதே’யில் மாட்டிக்கொள்வீர்கள்: ஈகாரம், சகாரம் இரண்டுமே தாலவ்யம் (அண்ணத்தில் பிறப்பவை), அதனால் மெய்யான சகாரத்தையும் இனமென்று கொண்டு நெடிலாக்க வேண்டிவரும்.

கௌமுதி சூத்திர வரிசையைக் கலைத்து அடுக்கியிருப்பதால் இந்த அநுவிருத்தி (முந்தைய சூத்திரச் சொல் பின்வருவதற்கும் தொடர்ந்து வருவது) கண்ணில் படாது. பாணினியின் வரிசையிலேயே போகும் உரையான காசிகையைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். சொல்லைப் படிப்படியாக உருவாக்கிப் பார்க்க மட்டும் கௌமுதிதான் வசதி.