புதிய தொட்டி பிறகு; முதலில் பழைய மண்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): தென்னாப்பிரிக்காவில் நாட்டிங்ஹாம் ரோடு என்ற ஊருக்கு அருகே ஒரு விருந்தினர் விடுதியை என் மனைவியின் பெரியப்பாவிடமிருந்து 2023-ல் வாங்கினோம். நடுவில் ஏஜென்ட் இல்லை. ஒப்பந்தத்தில் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ வாசகம் இருக்கிறது. சென்ற ஜூனில் பாய்லர் வைக்க வந்த பிளம்பர், சமையலறைக்குப் பின்னால் புல்தரைக்கு அடியில் பழைய இரும்பு எண்ணெய்த் தொட்டி ஒன்று புதைந்திருப்பதைக் காட்டினார். மண்ணில் டீசல் வாடை அடிக்கிறது. எங்கள் கல்யாணத்தை முன்நின்று நடத்தியவர், காவடிக்கு எங்களோடு நடந்தவர், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழையதை எடுத்துவிட்டு அதே குழியில் 2,500 லிட்டர் தொட்டி வைக்கலாமா? எந்த வகை நல்லது? செலவை அவரிடம் வாங்க முடியுமா?

பதில்: காவடியும் கல்யாணமும் நீதிமன்றத்தில் செல்லாது, அவற்றை விடுங்கள். ஃபுட்ஸ்டூட்ஸ் என்றால் உள்ளது உள்ளபடி. கண்ணுக்குத் தெரியாத குறைக்குக்கூட விற்றவர் பொறுப்பில்லை. அதை உடைக்க ஒரே வழி, குறை அவருக்குத் தெரிந்திருந்தது, உங்களை ஏமாற்றவே மறைத்தார் என்று நிரூபிப்பது. வான் டர் மெர்வ எதிர் மீட்ஸ் வழக்கிலிருந்து 2008-ல் தீர்ப்பான ஓடெண்டால் எதிர் ஃபெராரிஸ் வரை இதுதான் நிலை. தொட்டி இருப்பது அவருக்குத் தெரியும், எண்ணெய் வாங்கிய ரசீதுகள் வீட்டிலேயே கிடைத்தன என்கிறீர்கள். நல்லது. ஆனால் தொட்டி இருந்தது தெரியும் என்பது வேறு, அது ஒழுகியது தெரியும் என்பது வேறு. உங்கள் வழக்கு இந்த இடைவெளியில்தான் விழும்.

ஏஜென்ட் வழியாக வாங்கியிருந்தால், 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, விற்பவர் கையெழுத்திட்ட குறை அறிவிப்புப் படிவம் உங்கள் கையில் இருந்திருக்கும். கமிஷன் மிச்சம் பிடித்தீர்கள். அந்தக் காகிதமும் போனது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் உதவாது, அவர் வீடு விற்பதைத் தொழிலாகச் செய்பவர் அல்ல.

கடிதத்தில் உங்களுக்கு அதிகம் கெடுதல் செய்யும் வரி நான்காம் பக்கத்தில் இருக்கிறது: சமையலறைச் சுவரோரம் துருப்பிடித்த குழாய் ஒன்று நிற்கிறது, வந்த நாள் முதல் அதில் துணி உலர்த்தும் கயிறு கட்டியிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தொட்டியின் காற்றுக் குழாய். குறை கண்முன்னே நின்றது, 2023-லேயே விசாரித்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அது எடுபட்டால் குறை மறைந்திருந்தது என்ற வாதமும் போகும், வழக்குத் தொடுப்பதற்கான மூன்று ஆண்டுக் காலவரம்பும் ஜூனிலிருந்து எண்ணப்படாமல் வாங்கிய ஆண்டிலிருந்தே எண்ணப்படும்.

இப்போது நீங்கள் கேட்காத விஷயம். அதே குழியில் புதிய தொட்டியை வைக்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் செய்தார். பழைய இரும்பைக் காயலான் கடைக்காரர் தூக்கிப் போனார், குழியை மணல் போட்டு மூடினார், மேலே புதிய தொட்டி. பிறகு பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் எண்ணெய் மிதந்தது. பழைய தொட்டியின் எண்ணெய் என்றார் இவர். உன் புதிய தொட்டியின் எண்ணெய் என்றார் விற்றவர். மண் மாதிரி இல்லை, படம் இல்லை, இரும்பும் இல்லை. கடைசியில் எல்லாச் செலவும் இவர் தலையில்தான் விழுந்தது.

1998-ன் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம், 28-ஆம் பிரிவு, நிலத்தின் உரிமையாளரைப் பிடிக்கும். எண்ணெயைச் சிந்தியவர் நீங்களா என்று முதலில் கேட்காது. சட்டம் வருவதற்கு முன் நடந்த மாசுக்கும் பொருந்தும் என்று 2009-ல் திருத்தியும்விட்டார்கள். மண் கணிசமாக மாசுபட்டது என்று தெரிந்தவுடன் அதிகாரிகளுக்கு அறிவிக்கும் கடமையும் உரிமையாளருக்கு உண்டு. காப்பீடு இருக்கிறதே என்கிறீர்கள். மெல்ல மெல்லக் கசிந்த மாசைப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கும், எடுத்துப் படியுங்கள். நாளை நீங்கள் இதை விற்கப்போனால், தெரிந்தும் சொல்லாத விற்பவர் நீங்களாகிவிடுவீர்கள். ஃபுட்ஸ்டூட்ஸ் உங்களையும் காக்காது.

ஆகவே முதலில் சுற்றுச்சூழல் ஆலோசகர் ஒருவரை அழைத்து, தொட்டியை எடுக்கும்போதே குழியின் அடியிலும் நான்கு பக்கத்திலும் மண் மாதிரி எடுக்கச் செய்யுங்கள். இரும்பில் ஓட்டை இருந்தால் படம் வேண்டும். வாயுவை வெளியேற்றாமல் யாரும் அதைக் கிரைண்டர் வைத்து அறுக்கவும் வேண்டாம், உயிருக்கு ஆபத்து. அறிக்கை வந்த பிறகு புதிய தொட்டியை வேறு இடத்தில், தரைக்கு மேலே, கான்கிரீட் மேடையில் வையுங்கள். இரட்டைச் சுவர் உள்ளது வாங்குங்கள், அல்லது கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்கும் தடுப்புத் தொட்டி கட்டுங்கள். தரைக்கு மேல் வைக்கும் எண்ணெய்த் தொட்டிகளுக்கான தென்னாப்பிரிக்கத் தரம் 10131-ஐ அறிந்தவரே பொருத்த வேண்டும். நகராட்சித் தீயணைப்புத் துறையின் சான்றிதழை எண்ணெய் லாரி வருவதற்கு முன்பே வாங்குங்கள். இரும்பா பிளாஸ்டிக்கா என்பது பெரிய கேள்வி அல்ல.

பெரியப்பா விஷயத்தில் சமரசம் செய்யுங்கள். இந்தச் சான்றுகளை வைத்துக்கொண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்துக்குப் போக நான் சொல்லமாட்டேன். தோண்டுதலிலும் சுத்திகரிப்பிலும் பாதி என்று தொடங்குங்கள், மூன்றில் ஒன்று கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஆய்வக அறிக்கை வருவதற்கு முன் ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்திடாதீர்கள். பேச்சுவார்த்தை மட்டுமே காலவரம்பை நிறுத்தாது. சொந்தக்காரர்களிடையே பேசிப் பேசியே மூன்று ஆண்டுகளைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பொறுப்பை ஒப்புக்கொண்டு அவர் எழுத்தில் தந்தால் காலம் புதிதாக எண்ணப்படும். தராவிட்டால், 2023-ன் தேதியிலிருந்தே எண்ணி, அதற்குள் சம்மன் அவர் கையில் சேரும்படி செய்யுங்கள்.

அந்தக் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் குழாயைப் படம் எடுத்துவையுங்கள். பார்ப்பவருக்கு அது வெறும் துணிக்கம்பமாகத்தான் தெரியும் என்று சொல்ல உங்களிடம் அதைவிட நல்ல சான்று கிடையாது.